மதினி பல்லைக் காட்டவில்லை

1

இந்தக் கதை ஒரு நாற்றத்திலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் தெரிந்து நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம். ஒரு முகத்திலிருந்து பிறந்தது, ஒரு ஏக்கத்திலிருந்து பிறந்தது என்றெல்லாம் எழுதுகிறவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு வாய்த்தது சீழ்.

என் பெயர் செல்வலட்சுமி. கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. தென்காசிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். பள்ளிப் படிப்பு மலையாளத்தில், ஆராய்ச்சி ஆங்கிலத்தில், சண்டை மட்டும் தமிழில். அதனால் இந்தக் கதையில் எங்காவது சண்டை வாடை அடித்தால் மொழியின் குற்றமில்லை, பழக்கத்தின் குற்றம்.

நடந்தது 2003-இல். அப்போது களமசேரி பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். நடுக்காதில் வரும் ஒரு நோய்தான் எங்கள் பொருள். ஆஸ்பத்திரிகளில் அறுத்தெடுத்த துணுக்குகள் ஐஸ் பெட்டியில் எங்களிடம் வரும். அந்தத் துணுக்கின் செல்கள் ஒன்றுக்கொன்று என்ன செய்தி அனுப்பிக்கொள்கின்றன, அந்தச் செய்தி ஆரோக்கியமான காதில் போவதிலிருந்து எப்படி மாறிப்போயிருக்கிறது என்று பார்ப்போம். வீட்டில் என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் காது என்பேன். காதில் என்ன என்று கேட்டால் சீழ் என்பேன். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

(இங்கே "அந்தச் சீழ் ஒருநாள் என் வீட்டுக் கதவையே" என்று ஒரு வாக்கியம் தொடங்கி விட்டுவிட்டேன். சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"நான் ஒரு மூலக்கூறு. உங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டேன். ஒரு செல்லின் கதவைத் தட்டி, வளர் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு"

இதற்கு மேல் கை ஓடவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் அட்டைச் சூரியனைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வரும் பிள்ளையைப் போல இருந்தது அந்த மூலக்கூறு. சரி, பேச வைக்க வேண்டாம், வில்லனாக வைத்துக்கொள்வோம் என்று இரண்டாவது தொடக்கம் எழுதினேன். அதற்கு நோயைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு பத்திதான்.

செவிப்பறை உள்பக்கம் இழுபட்டு அதில் ஒரு குழி விழுகிறது. குழி வழியாக வெளிக்காதின் தோல் நடுக்காதுக்குள் போய்விடுகிறது. தோல் நல்ல பொருள்தான், இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால். உள்ளே போன தோலும் வழக்கம்போல உதிர்கிறது. உதிர்ந்தது வெளியேற வழியில்லாமல் வெள்ளையாக உருண்டு திரள்கிறது. அதில் கிருமி சேர்ந்து புண்ணாகிறது. புண் என்று கண்டதும் சுற்றியுள்ள செல்கள் வளர், மூடு என்று செய்தி அனுப்புகின்றன. உங்கள் முழங்காலில் சிராய்த்தாலும் இதே செய்திதான் போகும். அங்கே புண்ணின் இரண்டு கரைகளும் ஒட்டியதும் செய்தி நின்றுவிடும். இங்கே புண் ஆறுவதே இல்லை, அதனால் செய்தியும் நிற்பதில்லை. தோல் பெருத்துக்கொண்டே போகிறது. போதாததற்கு, எலும்பைக் கரைக்கும் செல்களுக்கும் ஆள் அனுப்பப்படுகிறது. காதுக்குள் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் உண்டு, ஒலியைக் கைமாற்றி உள்ளே கொடுப்பவை. பெரும்பாலும் முதலில் கரைவது பட்டடை.

ஆக, வில்லனைத் தேடிப் போனால் அங்கே யாரும் இல்லை. ஒவ்வொருவரும் சொன்ன வேலையைத்தான் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆற்றத்தான் எல்லா ஏற்பாடும், அதிலேயே எலும்பு போகிறது. இரண்டாவது தொடக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

3

மூலக்கூறு சரிவராது என்றானதும் மனுஷியிடம் வந்தேன்.

ஆவுடையம்மாள் என் சின்னண்ணன் முத்துவேலின் மனைவி, எனக்கு மதினி. பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் குடோனில் வேலை. முற்றத்தில் உட்கார்ந்து சுக்கைப் புடைத்துத் தரம் பிரிக்க வேண்டும். அது பிழைப்பு. அவளுடைய திறமை வேறு. யாரையும் ஒருமுறை பார்த்தால் போதும், அந்த முகத்தைத் தன் முகத்தில் கொண்டுவந்துவிடுவாள். கொச்சியில் தடுக்கி விழுந்தால் ஒரு மிமிக்ரிக்காரர் மேல்தான் விழ வேண்டும், ஆனால் அவர்களெல்லாம் குரலை வைத்துப் பிழைப்பவர்கள். மதினி வாயே திறக்கமாட்டாள். குடோன் மேனேஜர் ஏலக்காயை மோந்து பார்ப்பது, யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெருக் கடையில் பழைய பூட்டின் விலையைக் கேட்ட வெள்ளைக்காரியின் கண், பேனாவைக் கடித்துக்கொண்டு நான் ஆராய்ச்சிக் கட்டுரை படிப்பது. கடைசியதைப் பார்த்து ஒருமுறை எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு முட்டாளாகவா இருக்கிறேன்?

அவளுடைய தலைசிறந்த உருப்படி என் பெரியண்ணன் பிச்சைமணி. கார்ப்பரேஷனில் துப்புரவு மேஸ்திரி, சாதுவான மனிதர். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் அவர் முகம் ஒரு பெரிய ஏற்பாடே செய்யும். புருவம் மேலே போகும், கன்னம் உப்பும், உதடு குவியும், கடைசியில் எல்லாப் பல்லும் தெரியக் காற்றை இழுத்துக்கொண்டு, "அதாவது" என்பார். மதினி அடுக்களையில் இதைச் செய்தால் நாங்கள் தரையில் உருளுவோம்.

ஆனால் அவர் வீட்டுக்குள் வந்துவிட்டால் போதும், மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கணவனின் அண்ணன் மச்சாண்டார். மச்சாண்டார் முன்னால் தம்பி பெண்டாட்டியின் பல் தெரியக் கூடாது. எங்கள் ஆட்களின் வழக்கம் அது. கேரளத்துக்கு வந்து இட்லியை விட்டோம், கப்பைக் கிழங்கும் மீனும் பிடித்துக்கொண்டோம், பாதிப் பேச்சு மலையாளமாகிவிட்டது. இதை மட்டும் யாரும் விடவில்லை, ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்தக் கதையின் வரைவைப் படித்த தோழி ஷீஜாவுக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு கேலி செய்கிறவள் இவ்வளவு அடக்கமாகவும் இருப்பாளா என்று கேட்டாள். எனக்கும் சந்தேகம் தட்டியது. பாத்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சந்தேகத்தை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மதினியிடமே கேட்டுவிட்டேன்.

"அவுகளக் கேலி பண்ணுதேன்லா, அதான் அவுக முன்னாடி வாயப் பொத்துதேன். ரெண்டும் ஒரே மரியாததான்" என்றாள்.

எனக்கு இது முழுதாகப் புரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

4

நாற்றத்துக்கு வருகிறேன்.

மதினியின் இடது காது சின்ன வயதிலிருந்தே ஒழுகும். காதில் பஞ்சு வைத்திருப்பாள். குடோனில் தூசிக்குப் பயந்து பாதிப் பெண்கள் காதில் பஞ்சு வைத்திருப்பார்கள், ஆகவே யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், ஆகவே காது மந்தமானதும் தெரியவில்லை. வாடையோ, கேட்கவே வேண்டாம். சுக்கும் மிளகும் குவிந்து கிடக்கும் இடத்தில் வேறு எந்த வாடையும் தலைதூக்க முடியாது. மாலையில் வீட்டுக்கு வரும்போது முடி, சேலை, விரலிடுக்கு எல்லாம் சுக்குதான். வேறு எந்த வேலையில் இருந்திருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்தவர் முகம் சுளித்திருப்பார், நோய் எப்போதோ பிடிபட்டிருக்கும்.

அப்புறம் ஒரு ஹர்த்தால் வந்தது. அதை ஒட்டி வேறு விடுமுறைகளும் சேர்ந்துகொண்டன. குடோன் பூட்டு, களமசேரிக்கு பஸ் இல்லை. மதினியும் நானும் சேர்ந்தாற்போல வீட்டில் இருந்தது அபூர்வம். அவள் தலைக்குக் குளித்திருந்தாள், சுக்கு வாடை முழுவதும் போயிருந்தது. இருவரும் உட்கார்ந்து கப்பை சீவினோம்.

வீட்டுக்குள் என் ஆய்வகம் நாறியது. முதலில் என் கைதான் என்று நினைத்தேன். ஐஸ் பெட்டியைத் திறந்ததும் எழும் வாடை அது, எத்தனை சோப்புப் போட்டாலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று ஒரு பிரமை எனக்கு உண்டு. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். மறுபடி நாறியது. மறுபடி கழுவினேன். என்ன செல்வி, சுத்தம் கூடிப்போச்சு என்று கேலியாகச் சொல்லிக்கொண்டே மதினி என் பக்கம் திரும்பினாள். அப்போது புரிந்துவிட்டது.

"காதுல என்ன மதினி?"

"பஞ்சு. எப்பவும் உள்ளதுதான், கொழப்பமில்ல. எண்ணெ காய்ச்சி விட்டா நிக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5

எர்ணாகுளத்தில் டாக்டர் அனூப் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். இளைஞர், நிதானமானவர், மலையாளத்தை மதினிக்காக மெதுவாகப் பேசினார். பட்டடை எலும்பு இல்லை. அது பெரிய விஷயமில்லை. முகத்தை அசைக்கும் நரம்பு நடுக்காதை ஒட்டி ஓர் எலும்புக் குழாய்க்குள் போகிறது. அந்தக் குழாயின் சுவர் கரைந்து நரம்பு வெறுமனே கிடப்பதாகத் தெரிகிறது. நோய்த்தோல் அதன் மேலேயே படர்ந்திருக்கிறது. எடுக்காமல் விட்டால் நரம்பும் போகும், மூளைக்கும் ஆபத்து. எடுக்கும்போது கை கொஞ்சம் தப்பினால் முகத்தின் இடது பாதி தொங்கிவிடும். தப்பாமல் பார்த்துக்கொள்வேன், ஆனால் சத்தியம் செய்ய முடியாது என்றார்.

சின்னண்ணன் காது கேட்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.  திரும்பி வரும்போது படகில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, மதினி என்னிடம் மட்டும் சொன்னாள்.

"காது போனாப் போட்டும் செல்வி. பாதி மொகம் போயிருச்சின்னா, அப்புறம் நா யாரா இருக்க?"

தன் முகம் போய்விடுமே என்று அவள் சொல்லவில்லை, கவனித்தீர்களா? மற்ற எல்லோருடைய முகமும் அவளிடமிருந்து போய்விடும் என்று பயந்தாள். நானும் பயந்தேன். எனக்கு அந்த நோயின் செய்திகள் மனப்பாடம். எந்தச் செல் எதை அழைக்கிறது என்று கரும்பலகையில் படம் போடுவேன். அந்தப் படத்தில் மதினி எங்கேயும் இல்லை.

(இந்த இடத்தில் படகையும் அந்திச் சூரியனையும் பற்றிப் பெரிய பத்தி ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது என்பதுதான் உண்மை.)

6

ஷீஜா இந்தப் பகுதியை வெட்டச் சொன்னாள். வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

ஆய்வகத்தில் ஒரு கிண்ணத்தில் செல்களை வளர்த்து அவற்றுக்கு ஒரு சமிக்ஞையைக் கொடுப்போம். வளர் என்ற செய்தி என்று வையுங்கள். செல்கள் அசையாமல் கிடக்கும். புதிதாக வந்தவர்கள் உடனே, செய்தி போகும் பாதை செத்துப்போய்விட்டது என்று எழுதிவிடுவார்கள். நாங்கள் அனைவரும் ஒரு தடவையாவது அப்படி எழுதித் திட்டு வாங்கியவர்கள். செய்ய வேண்டியது வேறு. கிண்ணத்தில் தடுப்பான் எதுவும் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடுப்பான் என்பது கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, செய்தி கொண்டுவருகிறவரை உள்ளே விடாத பொருள். அதைக் கழுவிவிட்டு மறுபடி சமிக்ஞை கொடுத்தால், சமயத்தில் அதே செல்கள் துள்ளி எழும்.

அவ்வளவுதான் இந்தப் பகுதி. வெட்டினால் கதை ஒன்றும் கெட்டுவிடாதுதான், ஆனால் அடுத்தாற்போல நான் செய்ததை நீங்கள் புத்திசாலித்தனம் என்று நினைத்துவிடுவீர்கள். அது வெறும் பழக்கம்.

7

அறுவை முடிந்தது. மதியம் போல மதினி கண் விழித்தாள். தலையைச் சுற்றிக் கட்டு, புருவத்தை மறைத்து இடது கன்னத்தின் பாதி வரை இறங்கியிருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. வாய் மட்டும்தான் முழுதாக வெளியே தெரிந்தது.

கட்டிலைச் சுற்றி நாங்கள். சின்னண்ணன் தலைமாட்டில், நான் பக்கவாட்டில். பெரியண்ணன் கால்மாட்டில் கைகட்டி நின்றார். சாதாரணமாக அவர் தம்பி மனைவி படுத்திருக்கும் அறைக்குள் வரவே மாட்டார். ஆனால் குடும்பத்துக்கு மூத்தவர், இந்த நேரத்தில் வெளியே நிற்பது அழகில்லை என்று தனக்குத்தானே முடிவுசெய்து, சாமி படத்தைப் பார்ப்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் அனூப் வந்தார். மதினியின் நல்ல காதுப் பக்கம் குனிந்தார்.

"சேச்சீ, ஆ பல்லொந்நு காணிச்சே."

பல்லைக் காட்டு என்கிறார். முகநரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. வாய் இரண்டு பக்கமும் ஒன்றுபோல விரிந்தால் நல்லது.

மதினி பல்லைக் காட்டவில்லை. கண்ணைத் திறந்து எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு போர்வையை மெதுவாக இழுத்து மூக்கு வரை மூடிக்கொண்டாள்.

டாக்டர் மறுபடி சொன்னார். போர்வை இறுகியது. சரி, சிரிக்க வேண்டாம், கன்னத்தை உப்பிக் காட்டுங்கள் என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள், முடியாது என்று. டாக்டர் நிமிர்ந்தார். அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. வாய் கோணியது அவளுக்கே தெரிந்துவிட்டது, அதனால்தான் மறைக்கிறாள் என்று அவர் நினைத்தார். நாங்களும் அதையேதான் நினைத்தோம். நரம்பை முழு நேரமும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தொடவே இல்லை என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். சின்னண்ணன் கட்டிலின் கம்பியில் நெற்றியை வைத்து அழத் தொடங்கினான்.

அதைப் பார்த்துப் பெரியண்ணன் கலங்கிப்போனார். பாவம், ஆறுதலாக இருக்கட்டுமென்று ஓர் அடி முன்னால் வந்தார். மதினி போர்வையைக் கண் வரை ஏற்றினாள். அவர் இன்னும் ஓர் அடி வந்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பவே முயன்றாள், டாக்டர் பதறிப்போய்த் தோளைப் பிடித்தார்.

 பாதை செத்துவிட்டது என்று மனதுக்குள் எழுதியும்விட்டேன். அப்புறம்தான் கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

"பெரியண்ணே, மதினிக்குத் தொண்ட காயும். கேன்டீன்ல போயி ஒரு சாயா வாங்கிட்டு வாரியளா?"

மயக்கம் தெளிந்ததும் சாயா கொடுக்கலாமா என்று டாக்டர் வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். பெரியண்ணன் புருவத்தை உயர்த்தி, கன்னத்தை உப்பி, பல்லைக் காட்டிக் காற்றை இழுத்து, "அதாவது, சீனி போட்டா, போடாமயா?" என்றார். போட்டு என்றேன். போனார். கதவு சாத்திக்கொண்டது.

போர்வை இறங்கியது.

"போயிட்டாகளா?" என்றாள் மதினி. குரல் கரகரத்தது. போய்விட்டார் என்றேன். பல்லைக் காட்டுங்கள் என்று டாக்டர் மூன்றாம் தடவையாகச் சொல்லப்போனார். அதற்குள் கட்டுக்கு அடியிலிருந்து புருவம் துணியைத் தள்ளிக்கொண்டு எழும்பியது. இரண்டு கன்னமும் பூரியாக உப்பின. உதடு குவிந்தது. கடைசியில் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை, இடமும் வலமும் ஒரு நூல் பிசகாமல், எல்லாப் பல்லும் தெரிய, சத்தமே இல்லாமல், "அதாவது".

பெரியண்ணன் கட்டிலில் படுத்திருந்தார்.

டாக்டருக்கு அது யார் என்று தெரியும், இப்போதுதானே பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இனி சோதிக்க ஒன்றும் பாக்கியில்லை என்றார். சின்னண்ணன் அழுதுகொண்டே சிரித்தான், அதுவும் பார்க்க நன்றாக இல்லை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு முன்பும் வந்ததில்லை, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய அன்றும் வரவில்லை.

8

முடிவு.

அ) ஒரு வருஷம் கழித்து, உள்ளே மிச்சம் மீதி இருக்கிறதா என்று மறுபடி திறந்து பார்த்தார்கள். இந்த நோயில் அது வழக்கம். அதை வைத்து உங்களை இன்னும் நாலு பக்கம் பயமுறுத்தலாம். எனக்கு மனசு வரவில்லை. ஒன்றுமில்லை, சுத்தமாக இருந்தது. பட்டடை இருந்த இடத்தில் வைத்த துண்டும் பிடித்துக்கொண்டது. காது முக்கால்வாசி கேட்கிறது. நாக்கின் ஒரு பக்கம் மட்டும் சில மாதங்கள் இரும்புச் சுவையாக இருந்ததாம். சாம்பாரில் ஆணி போட்டாயா என்று என்னைத்தான் கேட்பாள்.

ஆ) முதல் அறுவை நடந்த மாதம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்த துணுக்குகளில் ஒன்று அவளுடையதாக இருக்க வேண்டும். எண் மட்டும்தான் வரும், பெயர் வராது. ஒவ்வொன்றிலும் அதே செய்தி உரக்கக் கேட்டது, வளர், வளர் என்று. எது அவளுடையது என்று கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு முடிவு எழுதினேன். பொய்யாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

இ) இதுதான் எனக்கு முடிக்கத் தெரியாதது. அந்த அறையின் கதவில் ஆள் முக உயரத்தில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. நாங்கள் எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். மதினி மட்டும் கதவைப் பார்த்துப் படுத்திருந்தாள், ஆனால் அவளுக்குக் கண் வீக்கம். பெரியண்ணன் சாயாவோடு திரும்ப வெகுநேரம் ஆனது. சாயா ஆறிப்போயிருந்தது. கேன்டீனில் கூட்டமா என்று கேட்டேன். அதாவது, என்று தொடங்கியவர், புருவத்தைப் பாதியில் இறக்கி, வாயை மூடிக்கொண்டார்.

அவர் பார்த்தாரா? மதினியிடம் கேட்டேன். "எனக்கெப்படித் தெரியும்?" என்று முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். பெரியண்ணனிடம் கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. ஆகவே முடிவை உங்களிடம் தள்ளிவிடுகிறேன். பார்த்து வருத்தப்பட்டார் என்று எழுதலாம், வெளி வராந்தாவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார் என்றும் எழுதலாம். எதை எழுதினாலும் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் பெரியண்ணன் எங்கள் வீட்டுக்குச் சத்தமில்லாமல்தான் வருவார். அன்றிலிருந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பலமாக இருமுகிறார். உள்ளே அடுக்களையில் சிரிப்பு அடங்கி, மதினி முந்தானையைத் தேடி எடுத்து, வாயை மூடி முடிக்கிற வரைக்கும் இருமுகிறார். அப்புறம்தான் வருகிறார். அவருக்குச் சளி கிடையாது.